வேகமும் காப்பும்: எஸ்.எஸ்.டி. சேமிப்பகங்களை மதிப்பிடும் முறை

பெட்டாலிங் ஜெயா நகரம் 1952ஆம் ஆண்டில், எஃபிங்ஹாம் தோட்டம் என்னும் 1,200 ஏக்கர் ரப்பர்த் தோட்டத்தில் உருவாகத் தொடங்கியது. பால் மரங்கள் நின்ற நிலத்தில் வீடுகளும் கடைகளும் எழுந்தன. பின்னர்ச் சுங்கை வே தடையற்ற தொழில் வட்டாரத்தில் மின்னணுத் தொழிற்சாலைகள் பெருகின. அவற்றுள் ஒன்று, வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனத்தின் வன்தட்டுத் தொழிற்சாலை ஆகும். கணினியின் உள்ளே சுழன்றுகொண்டு கோப்புகளைக் காத்துவரும் வன்தட்டுகள் அங்கே உருவாயின.

2018ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் அந்நிறுவனம் இரண்டு செய்திகளை ஒருங்கே வெளியிட்டது. கணினிகளுக்கான வன்தட்டின் தேவை குறைந்துவருவதால், பெட்டாலிங் ஜெயாத் தொழிற்சாலை 2019ஆம் ஆண்டு இறுதிக்குள் மூடப்படும் என்பது ஒன்று. பினாங்கில் எஸ்.எஸ்.டி. உற்பத்தி விரிவாக்கப்படும் என்பது மற்றொன்று. ஒரு பொருளின் காலம் முடிந்து மற்றொரு பொருளின் காலம் தொடங்கியதை இதனினும் தெளிவாகக் காட்டும் சான்று வேண்டுவதில்லை.

இம்மாற்றம் தொழிற்சாலை வாயிலோடு நின்றுவிடவில்லை. ஆசிரியரின் மேசைக்கும் வந்துவிட்டது. வினாத்தாள், பாடக்குறிப்பு, மாணவர் பேச்சுப் பதிவு, பழைய பள்ளி மலர்களின் படப்படி ஆகிய அனைத்தும் இன்று கணினியில்தான் உறைகின்றன. அவற்றை வைக்க ஓர் எஸ்.எஸ்.டி. வாங்கலாம் என்று பெட்டாலிங் ஜெயா டிஜிட்டல் மாலுக்கோ, கோலாலம்பூர் லோ யாட் பிளாசாவுக்கோ செல்பவர், பெட்டிகளின்மேல் 550, 3,500, 7,400, 14,000 என்று பற்பல எண்களைக் காண்கிறார். எண் பெரிதானால் பொருளும் சிறந்ததா? இவ்வினாவுக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. வன்தட்டு பின்தங்கிய காரணம்

வன்தட்டு என்பது, பெயருக்கேற்பவே, காந்தப் பூச்சுடைய தட்டு. 1956ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட முதல் வன்தட்டுக் கருவியில் 24 அங்குல விட்டமுடைய 50 தட்டுகள் இருந்தன. அத்தனையும் சேர்ந்து ஏறத்தாழ 50 இலட்சம் எழுத்துகளையே கொண்டன. அன்று முதல் தட்டு சிறுத்தது, கொள்ளளவு பெருகியது. ஆயினும் சுழற்சி மட்டும் மாறவில்லை.

இன்றைய மேசைக் கணினி வன்தட்டு ஒன்று நிமிடத்திற்கு 7,200 முறை, அதாவது வினாடிக்கு 120 முறை சுழல்கிறது. வேண்டிய இடம் படிக்கும் முனையின் கீழே வந்து சேர, சராசரியாக அரைச் சுற்றுக் காலம் காத்திருக்க வேண்டும். அது 4 மில்லிவினாடிக்குச் சற்று மேல். முனை உரிய தடத்திற்கு நகர ஏறத்தாழ 9 மில்லிவினாடி ஆகும். இரண்டும் சேர்ந்து 13 மில்லிவினாடி. ஒருமுறைக்கு இது மிகச் சிறிய காலமே. ஆனால் பத்தாயிரம் சிறு துண்டுகளைப் பத்தாயிரம் வேறு இடங்களிலிருந்து திரட்ட வேண்டுமாயின், 130 வினாடி கழிந்துவிடும். பழைய கணினியை முடுக்கிவிட்டு ஆசிரியர் தேநீர் அருந்தச் செல்வதன் காரணம் இதுவே.

எஸ்.எஸ்.டி.யில் சுழல்வதோ நகர்வதோ இல்லை. ஒரு துண்டை எடுக்க மில்லிவினாடியில் பத்தில் ஒரு பங்கு அளவே ஆகும். அதே பத்தாயிரம் துண்டுகளுக்கு ஒரு வினாடி போதும்.

2. உள்ளே இருப்பது யாது?

எஸ்.எஸ்.டி.யைத் தமிழில் ‘திண்மநிலை வட்டு’ என்று சிலர் வழங்குகின்றனர். ‘திண்மநிலை’ பொருந்தும், ‘வட்டு’ பொருந்தாது. வட்டமான உறுப்பு எதுவும் அதனுள் இல்லை. ‘திண்மநிலைச் சேமிப்பகம்’ என்பதே பொருளுக்கு இயைந்த பெயர். கடைவழக்கில் எஸ்.எஸ்.டி. என்பதே நிலைத்துவிட்டதால், இங்கும் அப்பெயரே வழங்கப்படுகிறது.

அதனுள் இருப்பவை கோடிக்கணக்கான நுண்ணறைகள். ஒவ்வோர் அறையிலும் மின்னூட்டம் சிறைவைக்கப்படுகிறது. மின்சாரத்தை நிறுத்தினாலும் அது வெளியேறாமல் நிற்கிறது. இவ்வாறு மின்னூட்டத்தைச் சிறைவைக்கும் வழியை 1967ஆம் ஆண்டில் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த டாவோன் காங், சைமன் சீ ஆகிய இருவர் காட்டினர். ஜப்பானில் டோஷிபா நிறுவனத்தின் ஃபூஜியோ மசுவோகாவும் அவர் குழுவினரும் 1987ஆம் ஆண்டில் ‘நேண்ட்’ என்னும் நினைவக வகையை அறிவித்தனர். இன்றைய எஸ்.எஸ்.டி.கள் அதன் வழித்தோன்றல்களே.

ஓர் அறையில் எத்தனை பிட் அடைக்கப்படுகிறது என்பதே இவற்றின் இனப்பிரிவு. ஒரு பிட் வைத்தால் எஸ்.எல்.சி.; இரண்டு எம்.எல்.சி.; மூன்று டி.எல்.சி.; நான்கு கியூ.எல்.சி. ஒரு பிட்டுக்கு மின்னூட்டம் உண்டா, இல்லையா என்னும் இரண்டு நிலைகள் போதும். மூன்று பிட்டுக்கு எட்டு நிலைகளும், நான்கு பிட்டுக்குப் பதினாறு நிலைகளும் வேண்டும்.

தோட்டத்தை அறிந்தவர்க்கு இதை எளிதில் விளக்கலாம். ரப்பர் மரத்தில் கட்டிய மங்கில் பால் இருக்கிறதா, இல்லையா என்பதை நடந்துகொண்டே காணலாம். அதே மங்கில் பதினாறு அளவுக்கோடுகள் கீறி, பால் எந்தக் கோடு வரை நிற்கிறது என்று கேட்டால், குனிந்து நின்று பார்க்க வேண்டும். குறித்த கோடு வரை ஊற்றி நிறுத்துவது அதனினும் கடினம். அதனால் கியூ.எல்.சி. வகை மலிவாகிறது, ஆனால் எழுதும் வேகமும் தேய்வு தாங்கும் ஆற்றலும் குறைகின்றன. பெட்டியில் டி.எல்.சி., கியூ.எல்.சி. என்ற குறிப்பு உண்டா என்று பார்ப்பதும், இல்லையெனில் நிறுவனத்தின் விவரத்தாளில் தேடுவதும் மதிப்பீட்டின் முதற்படியாகும்.

3. வேகம் வழியைப் பொறுத்தது

எஸ்.எஸ்.டி. கணினியோடு பேசும் வழி மூன்று வகைப்படும். பழைய வழி சாட்டா. அது வினாடிக்கு 600 மெகாபைட்டுக்கு மேல் விடாது, நடைமுறையில் 550. புதிய வழி என்.வி.எம்.இ. இதன் முதல் விதிநூல் 2011ஆம் ஆண்டில் வெளிவந்தது. பி.சி.ஐ.இ. மூன்றாம் தலைமுறைப் பாதையில் இது ஏறத்தாழ 3,500 மெகாபைட் தருகிறது. நான்காம் தலைமுறையில் 7,000க்குச் சற்று மேல். ஐந்தாம் தலைமுறையில் 14,000 வரை. மூன்றாவது வழி யு.எஸ்.பி. வெளியே எடுத்துச் செல்லும் சேமிப்பகங்கள் இவ்வழியே இணைகின்றன.

இங்கே மூன்று உண்மைகள் மனத்திற் கொள்ளத்தக்கவை.

முதலாவது, வடிவம் வேறு; வழி வேறு. மெல்லிய பட்டை வடிவான ‘எம்.2’ எஸ்.எஸ்.டி.கள் சாட்டாவாகவும் இருக்கலாம், என்.வி.எம்.இ.யாகவும் இருக்கலாம். பார்வைக்கு இரண்டும் உடன்பிறப்புகள் போலத் தோன்றும். ஒன்றுக்குரிய துளையில் மற்றொன்று வேலை செய்யாமற் போகலாம். பழைய மடிக்கணினிகள் பலவற்றில் 2.5 அங்குல அறை மட்டுமே உண்டு. அதற்குச் சாட்டா வகையே உரியது.

இரண்டாவது, குறுகிய வாசலே வேகத்தை முடிவு செய்யும். நான்காம் தலைமுறை எஸ்.எஸ்.டி.யை மூன்றாம் தலைமுறைத் துளையில் பொருத்தலாம், அது ஓடும். ஆனால் மூன்றாம் தலைமுறை வேகத்திலேயே ஓடும். மிகுதிக்குக் கொடுத்த பணம் வீணே.

மூன்றாவது, பெட்டியின்மேல் உள்ள எண் பெரிய கோப்பு ஒன்றைத் தொடர்ந்து படிக்கும்போது கிடைப்பது. ஆசிரியரின் அன்றாடப் பணியோ சிறு கோப்புகளைத் திறப்பதும் மூடுவதுமே. ‘தமிழ்’ என்னும் சொல் ஒருங்குறியில் ஐந்து குறிகளாக அமைந்து, யு.டி.எஃப்-8 முறையில் 15 பைட் இடம் கொள்கிறது. பக்கத்திற்கு 1,500 குறிகள் என்று கொண்டால், 300 பக்க நூலின் எழுத்து முழுவதும் 1.4 மெகாபைட்டுக்கும் குறைவு. இதைத் திறக்க 550 மெகாபைட் வேகமும் 14,000 மெகாபைட் வேகமும் கண்ணுக்கு ஒன்றே. வன்தட்டிலிருந்து ஏதேனும் ஓர் எஸ்.எஸ்.டி.க்கு மாறுவது நடையிலிருந்து வண்டிக்கு மாறுவது போன்றது, சாட்டாவிலிருந்து என்.வி.எம்.இ.க்கு மாறுவதன் பயனைப் பெரிய காணொளிகளைத் தொகுப்போரே நன்கு உணர்வர்.

4. வாளி நிறைந்தபின் வரும் வேகம்

எழுதும் வேகத்தில் மற்றொரு நுட்பம் உண்டு. டி.எல்.சி., கியூ.எல்.சி. வகைகள் தம் அறைகளில் ஒரு பகுதியைத் தற்காலிகமாக ஒரு பிட் முறையில் பயன்படுத்துகின்றன. வரும் கோப்பு முதலில் அங்கே விரைவாக இறங்கும்; பின்னர் ஓய்வு நேரத்தில் உரிய அறைகளுக்கு மாற்றப்படும். மங்கிலிருந்து வாளிக்குப் பாலை ஊற்றுவது விரைவு. வாளி நிறைந்ததும் நிறுக்கும் இடம் வரை சுமந்து சென்று ஊற்றிவிட்டே திரும்ப வேண்டும். பெட்டியின்மேல் அச்சிடப்படும் எண், வாளி காலியாக இருக்கும்போது உள்ள வேகம்.

இதற்கு வெளிப்படையான சான்று ஒன்று உண்டு. சாம்சங் நிறுவனம் 2020ஆம் ஆண்டில் வெளியிட்ட 870 கியூ.வி.ஓ. என்னும் கியூ.எல்.சி. வகையில், 1 டெராபைட் அளவுடையதன் எழுதும் வேகம் வினாடிக்கு 530 மெகாபைட். ‘வாளி’யின் அளவு, இடம் காலியாக உள்ளபோது, 42 கிகாபைட் வரை. அது நிறைந்தபின் வேகம் 80 மெகாபைட் என்று நிறுவனத்தின் விவரத்தாளே கூறுகிறது. 100 கிகாபைட் படப்படிகளை ஒருசேர எழுதுவதாகக் கொள்வோம். விளம்பர வேகத்தில் கணக்கிட்டால் மூன்று நிமிடத்திற்குச் சற்று மேல் ஆகவேண்டும். உண்மையில் முதல் 42 கிகாபைட்டுக்கு 79 வினாடியும், எஞ்சிய 58 கிகாபைட்டுக்கு 725 வினாடியும் ஆகும். மொத்தம் பதின்மூன்றரை நிமிடத்திற்கு அணித்து. நாள்தோறும் சில கோப்புகளை எழுதுபவர்க்கு இக்குறை தெரியாது. நூலகம் ஒன்றையே படமெடுத்துச் சேர்ப்பவர்க்கு நன்றாகத் தெரியும்.

மேலும், சேமிப்பகம் நிறைய நிறைய இந்த வாளியும் சுருங்கும். ஆதலின் ஐந்தில் ஒரு பங்கேனும் காலியாக வைத்திருப்பது நலம்.

5. கையில் எடுத்துச் செல்வன

வெளிச் சேமிப்பகத்தை மதிப்பிடுவதில் பெயர்க்குழப்பம் மிகுதி. யு.எஸ்.பி. 3.0, 3.1 முதல் தலைமுறை, 3.2 முதல் தலைமுறை ஆகிய மூன்றும் ஒன்றே. பெயர் மூன்று, வேகம் வினாடிக்கு 5 கிகாபிட். ஒரு பைட்டுக்கு எட்டுப் பிட் என்பதையும் வழிச்செலவையும் கருதினால், கையில் கிடைப்பது 450 மெகாபைட் அளவே. 10 கிகாபிட் வகை ஏறத்தாழ 1,000 மெகாபைட் தரும். 20 கிகாபிட் வகை ஏறத்தாழ 2,000. பின்னதற்குக் கணினியிலும் 20 கிகாபிட் துளை வேண்டும். அத்துளை எல்லாக் கணினிகளிலும் இல்லை. பிட்டையும் பைட்டையும் மயங்கக் கொள்வோர் எட்டு மடங்கு ஏமாறுவர்.

முள்ளின் வடிவமும் வேகத்தைக் காட்டாது. வட்ட விளிம்புடைய ‘டைப் சி’ முள் கொண்ட கம்பிகளுள் பல, மின்னேற்றுவதற்கே செய்யப்பட்டவை. அவை பழைய யு.எஸ்.பி. 2.0 வேகமாகிய 480 மெகாபிட்டுக்கு மேல் விடா. 2023ஆம் ஆண்டில் வந்த ஐஃபோன் 15இன் ‘டைப் சி’ துளையும் அவ்வேகமே உடையது. ‘புரோ’ வகைக்கே 10 கிகாபிட். ஆகவே பெட்டியோடு வந்த கம்பியைத் தொலைத்துவிட்டு, கைப்பேசிக் கம்பியைச் செருகிவிட்டுச் சேமிப்பகத்தைக் குறைகூறுதல் முறையன்று.

போலிகளும் உண்டு. நம்பமுடியாத மலிவு விலையில் ‘16 டெராபைட்’ என்று விற்கப்படும் சில பெட்டிகளுள் சிறிய நினைவகம் ஒன்றே இருக்கும். பொய்யான கொள்ளளவைக் கணினிக்குக் கூறுமாறு அதன் நிலைப்பொருள் திருத்தப்பட்டிருக்கும். இடம் நிறைந்தபின் எழுதப்படும் கோப்புகள் பெயரளவில் தோன்றும், திறந்தால் இரா. முழு இடத்தையும் நிரப்பி, மீண்டும் படித்து ஒப்பிடும் எச்2டெஸ்ட்டபிள்யூ, எஃப்3 போன்ற இலவச நிரல்கள் இதை வெளிப்படுத்தும். ஆனால் 1 டெராபைட் என்று வாங்கியது விண்டோஸில் 931 கிகாபைட் எனத் தோன்றுவது போலித்தனம் அன்று. உற்பத்தியாளர் ஆயிரத்தின் மடங்காகவும், விண்டோஸ் 1,024இன் மடங்காகவும் எண்ணுவதால் வரும் வேறுபாடே அது.

6. தேய்வும் மறதியும்

நுண்ணறைகள் எழுதி அழிக்கும் ஒவ்வொரு முறையும் சிறிது தேய்கின்றன. எத்தனை டெராபைட் எழுதும் வரை பொறுப்பேற்பர் என்பதை நிறுவனங்கள் ‘டி.பி.டபிள்யூ.’ என்று குறிக்கின்றன. 1 டெராபைட் டி.எல்.சி. வகைகள் பலவற்றிற்கு இது 600, மேற்கூறிய கியூ.எல்.சி. வகைக்கு 360. நாளுக்கு 20 கிகாபைட் எழுதினாலும் 600 டெராபைட்டை எட்ட 30,000 நாள், அதாவது 82 ஆண்டுகள் ஆகும். பிற உறுப்புகள் அதற்கு நெடுங்காலம் முன்பே ஓய்ந்துவிடும். எனவே பள்ளிப் பணிக்குத் தேய்வு பற்றிய அச்சம் வேண்டியதில்லை.

அஞ்சத்தக்கது மறதியே. சிறைப்பட்ட மின்னூட்டம் மெல்லமெல்லக் கசியும். வெப்பம் மிகுந்தால் விரைந்து கசியும். ஜெடெக் என்னும் தர அமைப்பு 2010ஆம் ஆண்டில் வகுத்த விதிப்படி, எழுதும் அளவை முற்றும் செலவிட்ட பொதுப்பயன் எஸ்.எஸ்.டி. ஒன்று, மின்சாரமின்றி 30 பாகை வெப்பத்தில் ஓராண்டு தன் கோப்புகளைக் காத்தால் போதுமானது. புதியது இதனினும் நெடுங்காலம் காக்கும். எனினும், பள்ளி மலர்களை எஸ்.எஸ்.டி. ஒன்றில் அடைத்து, அலமாரியில் பத்தாண்டு பூட்டிவைத்து, பின்னர்த் திறந்து பார்க்கலாம் என்று எண்ணுவது தவறு. வெயிலில் நிற்கும் காரினுள் விட்டுச் செல்வது அதனினும் தவறு.

நற்பெயர் பெற்ற பொருளும் பிழைக்கு விலக்கன்று. 2023ஆம் ஆண்டில் வெஸ்டர்ன் டிஜிட்டலின் சான்டிஸ்க் எக்ஸ்ட்ரீம் வகையைச் சேர்ந்த கையடக்க எஸ்.எஸ்.டி.கள் திடீரெனக் கோப்புகளை இழந்தன என்று பலர் முறையிட்டனர். நிறுவனம் சில வகைகளுக்குத் திருத்திய நிலைப்பொருளை வெளியிட்டது. அமெரிக்காவில் வழக்குகளும் எழுந்தன. வன்தட்டு கெடுமுன் பெரும்பாலும் ஓசையெழுப்பி எச்சரிக்கும், எஸ்.எஸ்.டி. பெரும்பாலும் ஓசையின்றியே உயிர்விடும். உள்ளிருந்ததை மீட்பதும் அரிது.

7. வாங்குமுன் எண்ண வேண்டியவை

இதுவரை கூறியவற்றைத் தொகுத்தால், மதிப்பீட்டு முறை தானே விளங்கும். கணினியில் உள்ள துளை எது என்று முதலில் அறிதல் வேண்டும். அதற்கு மேற்பட்ட வேகத்திற்குப் பணம் தருதல் வேண்டா. எழுத்துப் பணிக்குச் சாட்டாவும் போதும். காணொளிப் பணிக்கு என்.வி.எம்.இ. வேண்டும். பெருந்தொகுதிகளை எழுதுவோர் டி.எல்.சி. வகையை நாடுதல் நன்று. வாங்கிய அன்றே தம் கோப்புகளுள் 100 கிகாபைட் அளவை எழுதி, கடிகாரத்தால் அளந்து, திறந்து சரிபார்த்தல் எல்லா விளம்பரத்தினும் மேலான சோதனை. ஒருவேளை பொருள் தரமற்றதாயின், பற்றுச்சீட்டைக் காட்டி மாற்றிக்கொள்ளக் காலமும் இருக்கும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, 7,400 மெகாபைட் வேகமுள்ள ஒன்றை வாங்கும் பணத்தில், எளிய எஸ்.எஸ்.டி. ஒன்றும் காப்புப்படிக்கு ஒரு வன்தட்டும் வாங்க இயலுமாயின், இரண்டையும் வாங்குவதே அறிவுடைமை. நாள்தோறும் பணிக்கு எஸ்.எஸ்.டி.; அலமாரியில் வன்தட்டுப் படி; வேறோர் இடத்தில் மூன்றாம் படி. ஆண்டுக்கொருமுறை மூன்றையும் திறந்து பார்த்தல் வேண்டும்.

தமிழர்க்கு இது புதிய பாடம் அன்று. பனையோலைக்கும் ஆயுள் உண்டு. பூச்சியும் நெருப்பும் அதற்குப் பகை. ஏடுகள் பிழைத்தது ஓலையின் வலிமையால் அன்று. தலைமுறைதோறும் பெயர்த்தெழுதிய கைகளால். 1887ஆம் ஆண்டில் உ. வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்க முடிந்ததும், பல ஊர்களில் பல படிகள் எஞ்சியிருந்ததனாலேயே. ஓரிடத்தில் சிதைந்ததை மற்றோரிடத்து ஏடு தந்தது. அதற்குச் சரியாக நூறாண்டுக்குப் பின் பிறந்த நேண்ட் நினைவகத்துக்கும் அதே விதிதான். ஓலையிலும் சில்லிலும் எழுத்தைக் காப்பது படியெடுக்கும் பழக்கமே.